ஊருக்கெல்லாம் மதினி

என் கல்யாணத்தில் எனக்கு முதலில் அறிமுகமானது மாப்பிள்ளை இல்லை. என் பிடரியில் வந்து விழுந்த ஒரு கை.

"தலையைக் குனிளா. கொடிக்கம்பம் மாதிரி நிமிந்து இருந்தா நான் எங்கன முடிச்சுப் போட?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மதராஸில் கப்பல் ஏறி வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தேன். போர்ட் பிளேர் மண் காலுக்கடியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யாரோ ஒருத்தி என் முடியைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போடுகிறாள், அதுவும் திட்டிக்கொண்டே. மஞ்சள் கயிற்றோடு நாலு முடியும் உள்ளே போய்விட்டது. "இருக்கட்டும், முடியோட முடிஞ்சாத்தான் அவுராது" என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னாள்.

அவள்தான் மதினி. பெயர் ஒன்று இருந்தது. அதை அவள் வீட்டுக்காரர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டையும் அவன் அக்காளோ தங்கையோ போடவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தமானுக்கு வேலைக்கு வந்த பையன்களுக்கு அக்காளும் தங்கையும் மெயின்லேண்டில் இருந்தார்கள். கப்பல் எப்போது வரும் என்பது அந்தக் காலத்தில் கப்பலுக்கே தெரியாது. பெண்ணையும் பெண்ணின் அப்பாவையும் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு, இதில் நாத்தனாருக்கு எங்கே போவது? அப்படி எவனோ ஒருவன் கல்யாணத்தில் "நான் போடுதேன், இவன் எனக்குத் தம்பிதான்" என்று மதினி எழுந்து வந்திருக்கிறாள். அதிலிருந்து தமிழ்க் கல்யாணம் எது நடந்தாலும் அந்த இரண்டு முடிச்சும் அவளுடையது. தீவில் இருந்த ஆண்களுக்கெல்லாம் அவள் அக்கா. அவர்கள் கட்டிக்கொண்டு வந்த எங்களுக்கெல்லாம் மதினி.

முடிச்சோடு அவள் விடவில்லை. நாத்தனார் என்றால் முழு நாத்தனார். லம்பா லைன் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். காலையில் வந்து என் அடுப்படியைப் பார்த்துக் குறை சொல்லுவாள். சாம்பாரில் விரலை விட்டு நக்கி, "இதுதான் உங்க அம்மை சொல்லிக் குடுத்ததா?" என்பாள். என் வீட்டுக்காரர் குரலை உயர்த்திவிட்டால் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும். "ஏலே, அங்கன என்ன சத்தம்? முடிச்சுப் போட்டவ இங்கதான் இருக்கேன்." துறைமுக ஆபீஸில் பத்துப் பேரை அதட்டுகிற மனுஷன் அதோடு கப்சிப். எனக்கு முதல் குழந்தைக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று, டாக்டரை இந்தியிலும் முருகனைத் தமிழிலும் ஒரே மூச்சில் அதட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். நாத்தனார் சீராக வந்த சேலைகளை ஒன்றுகூட உடுத்தமாட்டாள். அடுத்து எவளாவது ஒற்றைப் புடவையோடு கப்பலில் வந்து இறங்கினால் பெட்டியைத் திறப்பாள்.

எது முறை, எது முறை இல்லை என்பதற்கும் அவள்தான் கோர்ட்டு. நாங்கள் எல்லாரும் சின்ன வயதுக்காரிகள். ஒருத்தி தஞ்சாவூர், ஒருத்தி ராமநாதபுரம், ஒருத்தி சேலம். கேட்டுக்கொள்ளப் பெரியவர்கள் யாரும் இல்லை. ஆளுக்கொரு துண்டு ஞாபகம் வைத்திருந்தோம். அதையெல்லாம் சேர்த்துத் தைத்து இதுதான் வழக்கம் என்று கொடுத்தவள் மதினி. ஆடிப் பெருக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அவ்வளவு விசேஷமில்லை. தஞ்சாவூர்க்காரி சொன்னதைக் கேட்டு மதினி அதையும் ஏற்றுக்கொண்டாள். ஆறு இல்லையே என்றதற்கு, "அத்தனை ஆறும் வந்து விழுற இடத்துலதான இருக்கோம்" என்று எங்களைக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். வருஷா வருஷம் அங்கே எங்களை வரிசையாக உட்காரவைத்துத் தாலிக்கயிறு மாற்றிவிடுவாள். ஒருத்தி விடாமல் திட்டு வாங்குவோம். அந்தத் திட்டுக்காகவே போவோம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் அப்போதே எனக்கு உறுத்தியது. அபர்டீன் பஜாரில் கடையில் இருந்த ஒரு பையனுக்குக் கல்யாணம். அதிசயமாக அவனுடைய சொந்த அக்காளே கப்பல் ஏறி வந்துவிட்டாள். சின்ன வயதில் அடுப்பில் விழுந்து வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவள். ஆனாலும் அந்தக் கையாலேயே வாழைக்காய் நறுக்கி, கோலம் போட்டு, ஒரு நாளில் எங்களோடு ஒட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் அவள் எழுந்து முன்னால் வந்தாள். மதினி அவள் தோளில் கை வைத்து, "நீ உக்காரு தாயி, கப்பல்ல வந்த களைப்பு" என்று அன்பாகச் சொல்லி உட்காரவைத்துவிட்டுத் தானே போட்டாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். பிறகு போய்ப் பாத்திரம் கழுவுகிறவர்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு அடுக்களையில் நான் கேட்டே விட்டேன். "சொந்த அக்கா இருக்கும்போது ஏன் மதினி?"

"குறைப்பட்ட உடம்பு முடிச்சுப் போடப்படாது."

"யார் சொன்னா?"

"நான் சொல்லுதேம்லா" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதற்கப்புறம் அதுவும் எங்கள் தீவில் ஒரு முறையாகிப் போயிற்று.

மதினிக்குக் கட்டி வந்தது அதற்கு இரண்டொரு வருஷத்துக்குப் பிறகு. குழாயடியில் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக் குளித்துக்கொண்டிருந்தோம். என்னைக் கிட்டே கூப்பிட்டு என் கையை எடுத்துத் தன் இடது மார்பில் வைத்தாள். ஈரத் துணிக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் கெட்டியாக ஒன்று அசையாமல் இருந்தது.

"வலிக்குதா மதினி?"

"இல்லயே. வலியே இல்ல. அதான் ஒண்ணுமிருக்காதுன்னு விட்டுட்டேன்."

வலிக்காத கட்டிதான் பொல்லாதது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டாள். இத்தனை பெண்களுக்கு முன்னால் மணமேடையில் நிற்கிறவள், கண்ணேறுதான் என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டோம். ஆஸ்பத்திரிக்கு வா என்றால், "ஆம்பளை டாக்டர்கிட்ட மாராப்பை எடுக்கச் சொல்லுதியா?" என்று என்மேல் பாய்ந்தாள். பெண் டாக்டர் ஒருத்தி மெயின்லேண்டிலிருந்து வரும்வரைக்கும் அந்த வருஷம் இப்படியே போயிற்று. அதற்குள் அக்குளிலும் நெறி கட்டிவிட்டது.

வந்தவள் வங்காளத்துப் பெண், சின்னவள். தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இதர் நஹி ஹோகா. மதராஸ் ஜாவோ, ஜல்தி" என்றாள். இங்கே முடியாது, உடனே மதராஸ் போ.

அறுக்கணுமா என்று மதினி அந்த இந்தியிலேயே கேட்டாள். "காட்னா?"

டாக்டர் தயங்கவில்லை. முழுதாக எடுத்துவிடவேண்டும் என்று தன் மார்பின் மேல் கையை ஓட்டிக் காட்டினாள். எடுத்துவிட்டால் பிழைக்க வழியிருக்கிறது என்றும் சொன்னாள். மதினி மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வரும் வழியெல்லாம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டு வாசலில் நின்று சொன்னாள். "அறுத்துட்டா நான் குறைப்பட்டவளா, இல்லையா? சொல்லு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உசிரு போகப் போகுது, முடிச்சைப் பத்திப் பேசுதீங்களே மதினி!"

"உனக்கென்ன தெரியும்" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் விடுகிற ஆளா? நேரே முருகன் கோயில் பூசாரியிடம் போனேன். அவருக்குப் பகலில் மர டிப்போவில் வேலை, சாயங்காலம் முருகனிடம் வேலை. மார்பை அறுத்து எடுத்த சுமங்கலி தாலி முடிச்சுப் போடக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"நான் கேள்விப்பட்டதில்ல தாயி. இதெல்லாம் மதினிக்குத்தான் தெரியும். எனக்கே என்னைக்கு என்ன பண்ணணும்னு அவங்கதான சொல்றாங்க. அவங்களக் கேளுங்களேன்."

சிரிக்கவா, அவர் தலையில் விபூதித் தட்டைக் கவிழ்க்கவா என்று தெரியவில்லை. திரும்பி வந்து மதினியிடமே சொன்னேன். சாஸ்திரம் ஒன்றும் தடுக்கவில்லை, நீங்கள் போட்ட சட்டத்தை நீங்களே மாற்றிவிட்டுக் கப்பல் ஏறுங்கள் என்று.

அன்றைக்குத்தான் அவள் தன் ஊரைப் பற்றி வாய் திறந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லாமல் இருந்தவள் அவள். கூடப் பிறந்த தம்பியின் கல்யாணத்தில் முடிச்சுப் போடப் போனபோது பெரியம்மாக்காரி கையைப் பிடித்து இழுத்து, மலடி போடப்படாது என்று நாலு பேருக்கு நடுவில் விலக்கிவிட்டாளாம். வளைகாப்புக்கும் கூப்பிடமாட்டார்களாம். எதிரில் வந்தால் பிள்ளைத்தாய்ச்சிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம்.

"இங்க வந்தப்பம் யாருக்கும் என்னைத் தெரியாது. புள்ளைகுட்டி இருக்கான்னு ஒருத்தி கேக்கல. கேக்க ஆளே இல்லையே. முடிச்சுப் போட வாங்கன்னு கூப்பிட்டாங்க. கப்பல்ல இருந்து இறங்கித்தான் நான் மனுஷியானேன்ளா. மறுபடியும் ஓரமாப் போய் உக்காருன்னா என்னால ஆகாது."

தன்னை விலக்கினவர்கள் பேசிய அதே பேச்சைத்தான் அவள் அந்த விரல் ஒட்டிய பெண்ணிடம் பேசினாள். அது அவளுக்குத் தெரியவில்லையா, தெரிந்துதான் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அன்றைக்கு அதை அவள் முகத்துக்கு நேரே கேட்க மனம் வரவில்லை. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"தை மாசத்துக் கல்யாணம் முடியட்டும், போறேன்" என்றாள். தை முடிந்து ஒரு கப்பல் போயிற்று. பிறகு மாசியில் ஒன்று, வைகாசியில் ஒன்று என்று கல்யாணம் வந்துகொண்டே இருந்தது. அவள் வீட்டுக்காரர், கட்டட காண்ட்ராக்டர், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், ஒவ்வொரு கப்பலுக்கும் டிக்கெட் எடுத்து ஒவ்வொரு கப்பலுக்கும் திருப்பிக் கொடுத்தார். இரும்புக் கம்பியை வளைக்கிற மனுஷன், அவளை வளைக்கத் தெரியவில்லை.

வியாதியின் பெயர் எப்படியோ வெளியே வந்துவிட்டது. பெயர் என்றா சொன்னேன், யாரும் பெயரைச் சொல்லவில்லை. "அந்த வியாதியாம்" என்று மூக்கில் விரல் வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். அவள் குடித்த டம்ளரைத் தனியே கவிழ்த்தார்கள். என்ன பாவமோ என்றார்கள். ஒருத்தியின் புருஷனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மழைக்காலத்தில் தீவில் யாருக்குத்தான் வராது? ஆனால் அவளுக்கு முடிச்சுப் போட்ட கை யாருடையது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆடிப் பெருக்கு வந்தது. மதினி குளித்து, தலை முடிந்து, மஞ்சள் கயிறுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியும் ஒருத்தியும் வரவில்லை. எல்லாரும் காலையிலேயே ரெண்டு ரெண்டு பேராகக் கடற்கரைக்குப் போய்த் தங்களுக்குள் கயிறு மாற்றிக்கொண்டு வேறு வழியாக வீடு திரும்பிவிட்டார்கள். புதுக் கயிறு வெளியே தெரியாதபடி முந்தானையைப் போர்த்தியிருந்தார்கள். அந்த மட்டுக்கும் வெட்கம் இருந்தது.

நான் போய் அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "மாத்துங்க மதினி."

கை என் கழுத்துவரைக்கும் வந்தது. பிறகு பின்வாங்கிக்கொண்டது.

"வேண்டாம்ளா. உனக்கு ரெண்டு புள்ளை இருக்கு. ஒன் வீட்டுக்காரனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"நீங்களுமா மதினி?"

"எல்லாரும் பயப்படுதாங்கள்லா. சும்மாவா பயப்படுவாங்க?"

அவர்கள் பயந்தது எனக்கு எரிச்சல்தான். அவளே தன் கையைப் பார்த்துப் பயந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் அவளாகவே சொல்லியிருக்கிறாள். "டிக்கெட் எடுங்க. இனிமே அறுத்தா என்ன?" அடுத்த கப்பலில் போய்விட்டார்கள்.

இரண்டு மாதம் தகவலில்லை. பிறகு ஒருநாள் மதினி கப்பலிலிருந்து இறங்கி வந்தாள். நெற்றி நிறையத் திருச்செந்தூர் விபூதி. ஆள் பாதியாகியிருந்தாள். இடது கை மட்டும் வீங்கி ரவிக்கைக்குள் அடங்காமல், தோள்வரைக்கும் தையலைப் பிரித்துவிட்டிருந்தாள். ஆனால் முகத்தில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "ஆபரேஷன் வேண்டாம்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. கத்தியே படல. போன மாதிரியே முழுசா வந்திருக்கேன்."

லம்பா லைன் முழுக்கச் சந்தோஷம். முருகன் கத்தி வைக்க விடவில்லை என்றார்கள். சத்தியமுள்ளவள், அவளை எந்த வியாதி என்ன செய்யும் என்றார்கள். டம்ளரைக் கவிழ்த்தவர்களே காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அண்ணாச்சி என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். "தங்கச்சி, வெட்டிப் பிரயோசனமில்லைன்னுட்டாங்க. எலும்புக்குப் போயிட்டுதாம். முன்னாலயே வந்திருந்தா பாத்திருக்கலாம்னாரு. அவகிட்ட வெட்ட வேண்டாமாம்னு மட்டும் சொன்னேன். நீயும் வாயைத் தொறந்திராத." சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டார். நோயாளியிடம் உள்ளதைச் சொல்லாமல் இருப்பதுதான் அன்பு என்று நாங்கள் எல்லாரும் நம்பிய காலம் அது.

அந்த வாரமே அவளுக்குத் தாம்பாளம் வந்துவிட்டது. ஐப்பசியில் ஒரு கல்யாணம், மதினிதான் முடிச்சுப் போடவேண்டுமாம். கத்தி படாமல் முருகன் அனுப்பிவைத்த கையாம்! கல்யாணத்தன்று காலையில் நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து, வீங்கின கைக்கு வளையல் ஏறாமல் சோப்பு நுரை போட்டுக்கொண்டிருந்தாள். வலியில் உதட்டைக் கடித்திருந்தாள்.

"முடியலைன்னா விடுங்க மதினி. யாராவது போடட்டும்."

அவள் நுரையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அவரு ஒங்கிட்டச் சொல்லிட்டாரா?"

நான் குனிந்து வளையலை எடுத்துத் துடைத்தேன்.

"எனக்கு இங்கிலீசு தெரியாட்டி என்ன, மூஞ்சி தெரியாதா? அந்த டாக்டரு மூஞ்சியைப் பாத்தேன், இவரு மூஞ்சியைப் பாத்தேன். எனக்குத் தெரியும்னு அவருகிட்டச் சொல்லிராத, உடைஞ்சிருவாரு." கொஞ்சம் நிறுத்தி, "அறுத்துருந்தா இருந்திருப்பேன். உள்ளே உக்காந்துட்டு இருந்திருப்பேன். இப்பம் பாரு, கூப்பிட்டுட்டாங்க" என்றாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை எப்படிச் சொல்வது, பச்சைப்பிள்ளை மாதிரிச் சந்தோஷமாக இருந்தாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மதினி எழுந்து பெண்ணுக்குப் பின்னால் போனாள். இடது கை மார்புக்கு மேல் ஏறவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி, நாலு பேர் எதிரில் மனைவியின் பெயரைக்கூடச் சொல்லாத அந்த மனுஷர், எழுந்து போய் அவள் முழங்கையைத் தன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "தலையைக் குனிளா" என்றாள் மதினி. குரலில் காற்றுதான் வந்தது. இரண்டு முடிச்சும் போட்டு முடிக்கும்வரை மேளக்காரர் கெட்டிமேளத்தை நிறுத்தாமல் வாசித்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

மார்கழி பிறப்பதற்குள் போய்விட்டாள். நாற்பது வயதுகூட இருக்காது. பூவும் பொட்டுமாகப் போன புண்ணியவதி என்று லம்பா லைனில் இருந்த சுமங்கலிகள் எல்லாரும் பட்டு உடுத்திக்கொண்டு வந்து, அவள் காலடியிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்து வைத்தவள், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாவுக்காகக் கல்யாணம் காத்திருக்காது போலிருக்கிறது. தை பிறந்ததும் இரண்டு வீடு தள்ளியிருந்தவள் வெற்றிலைத் தாம்பாளத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். அவள் கொழுந்தனுக்குக் கல்யாணம். சொந்தத்தில் பெண்பிள்ளை யாரும் இங்கே இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் கல்லு மாதிரி இருக்கிறார், மதினிக்கு அடுத்து நான்தான் என்று எல்லாரும் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். தாம்பாளத்தை நீட்டப் போனவள் கொஞ்சம் தயங்கி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"கேக்கேன்னு தப்பா நெனக்காதீங்க. உடம்புல கோளாறு, கட்டி, கிட்டி ஒண்ணும் இல்லையே?"

"இருக்கு" என்றேன்.

அவள் தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.